அக்கா வீட்டு வாசலுக்கு ஆறே முக்கால் மணி நேரம்

டெல்லியிலிருந்து திருநெல்வேலி எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ரயிலில் என்றால் ஏறத்தாழ இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். சாலையில் போனால் கொஞ்சம் குறையும். வரைபடத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடு போட்டால் இரண்டாயிரத்து இருநூறு. ஆனால் அந்த நேர்கோட்டில் எந்த விமானமும் போவதில்லை. திருநெல்வேலிக்கு விமான நிலையமும் இல்லை.

ஓர் அமைச்சகத்தின் பயணப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். பயணப்படி கேட்டு வரும் ஊழியர்கள் போன தூரத்தையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் சரிபார்ப்பதுதான் வேலை. குறுகிய வழி இருக்கச் சுற்று வழி ஏன், முப்பது மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணத்துக்கு நாற்பது மணி நேரம் ஏன் என்று கோப்பின் ஓரத்தில் எழுதுவேன். மழை, மறியல், வழியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பதில் வரும். ஆதாரம் இணைக்கவும் என்று எழுதித் திருப்பி அனுப்புவேன்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அக்கா இறந்தபோது நான் செய்த தவற்றைச் செய்ய, இந்த வேலையை இத்தனை வருடம் பார்த்த ஒருவனால்தான் முடியும்.

ஜனவரி மாதம், வியாழக்கிழமை மாலை ஐந்தரை. டெல்லியில் நான் குடியிருக்கும் முனிர்காவில் அந்த நேரத்துக்கே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அக்கா மகன் திருநெல்வேலியிலிருந்து பேசினான்.

"மாமா, அம்மா போயிட்டா மாமா."

மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று காலையில்தான் சொல்லியிருந்தான். நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டிருப்பேன். அப்படித்தான் கேட்பேன்.

"நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கலாம்னு பேசிட்டு இருக்காவ. நாளக் கழிச்சு சனிக்கிழம ஆயிரும். நீங்க வந்துருவியள்லா?"

சனிக்கிழமை பிணம் எடுக்க எங்கள் பக்கத்தில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமைதான். அதில் பேச ஒன்றும் இல்லை.

"வந்துருவேம்ல. நான் வராம எடுத்துராதீங்க" என்றேன்.

இந்தக் கடைசி வார்த்தைக்கு அங்கே என்ன கனம் என்பதைச் சொல்ல வேண்டும். எங்களில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். கோடி என்பது தண்ணீர் படாத புதுப் புடவை. அதைக் கூடப்பிறந்தவன் கொண்டுவந்து அவள்மேல் போர்த்திய பிறகுதான் பாடை எழும். எவ்வளவு பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் கடைசியாக அவளை மூடுவது பிறந்த வீட்டுத் துணிதான். எங்கள் அம்மாவுக்குப் பிள்ளைகள் ஆறு. நான்கு பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது முனிர்காவில் உட்கார்ந்திருந்த நான் ஒருவன்தான்.

புடவை வாங்கக் கடைக்குப் போனேன். மனைவிக்கு முழங்கால் மூட்டு அறுவை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, அவளால் வர முடியாது. "சிவப்புல எடுங்க. உங்க அத்தான் இருக்காவள்லா" என்று மட்டும் கட்டிலிலிருந்தே சொன்னாள். சுமங்கலி. சிவப்பு.

கடைக்காரப் பஞ்சாபிக்கு ஜனவரி என்றால் கல்யாணக் காலம். சிவப்பு என்றதும் மலர்ந்துவிட்டார். மெத்தை விரிப்பில் ஏழெட்டுப் புடவைகளை உதறிப் போட்டார்.

"கிஸ்கீ ஷாதி ஹை, அங்கிள்ஜி?"

யார் கல்யாணத்துக்கு என்று கேட்கிறார். அக்காவுக்காக என்றேன், இந்தியில். அவர் சிரித்தார். இந்த வயதில் அக்காவுக்குச் சிவப்புப் புடவை வாங்கும் தம்பிகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாராட்டினார். நான் ஒன்றைக் காட்டிப் பொட்டலம் கட்டச் சொன்னேன். கீழ் ஓரத்துக்கு ஃபால் வைத்துத் தைத்து நாளைக் காலை தந்துவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

"ஃபால் கே பினா பஹனேங்கீ கைசே?"

ஃபால் இல்லாமல் எப்படிக் கட்டுவார்கள். பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மகள் குருகிராமிலிருந்து வந்து காத்திருந்தாள். மடியில் லேப்டாப். டெல்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள்.

"அப்பா, திருவனந்தபுரம் டைரக்ட் இருக்கு. காலையில ஆறு மணி. ஒன்பது இருபதுக்கு இறங்கிடலாம். அங்கேர்ந்து டாக்ஸி. மூணரை மணி நேரம்தான் காட்டுது."

"அது சுத்து வழி" என்றேன். வாயில் தானாக வந்தது. "கேரளாவுல இறங்கி, நாகர்கோவில் நெரிசல்ல மாட்டி, எதுக்கு? சென்னை போயி அங்கேர்ந்து தூத்துக்குடி. தூத்துக்குடியிலேர்ந்து முக்கால் மணி நேரம்."

"சென்னையில மாறணும்பா. ஜனவரி. ஃபாக் வந்துச்சுன்னா?"

"ரெண்டும் ஒரே பி.என்.ஆர்.ல புக் பண்ணினா அது அவங்க பொறுப்பு. முதல் ஃப்ளைட் லேட்டாகி அடுத்தது போயிட்டா, அவங்கதான் நம்மளக் கொண்டுபோயி விடணும். நீ சொல்லுத டாக்ஸி நம்ம பொறுப்பு. வழியில டயர் பஞ்சர் ஆனா யாரக் கேப்ப?"

"அப்பா, யார் பொறுப்புங்கறதா இப்ப விஷயம்? அத்தைகிட்ட போய்ச் சேரணும், அவ்வளவுதான்."

"விதி தெரியாமப் பேசாத."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நான் சொன்னதையே பதிவு செய்தாள். "அச்சா, டீக் ஹை. உங்க இஷ்டம்" என்று லேப்டாப்பை மூடினாள்.

அக்கா மகனுக்கு நான் அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. 6.30 டெல்லி. 9.20 சென்னை. 10.40 சென்னையிலிருந்து. 12.15 தூத்துக்குடி. 1.15 வீடு. வாசலுக்கு வாசல் என்ற கணக்கு வேறு, நான் எடுத்துக்கொண்டது விமானம் கிளம்புவதிலிருந்து: ஆறே முக்கால் மணி நேரம். அவன் அதைக் குடும்பக் குழுவில் போட்டான். அந்த அட்டவணையை வைத்துத்தான் ஊரில் சாவுச் சடங்கு செய்பவரை வரச் சொன்னார்கள், தகன மேடையில் நேரம் வாங்கினார்கள், தென்காசியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் உறவினர்கள் கிளம்பினார்கள். என் வாழ்நாளில் நான் தயாரித்த குறிப்புகளில் இத்தனை பேர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

காலையில் விமான நிலையம் போகும்போதே முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. இருந்தாலும் நேரத்துக்கு ஏற்றிக்கொண்டார்கள். ஆறு பத்துக்குக் கதவை மூடினார்கள். மூடிய பிறகு அசையவில்லை. ஓடுபாதையில் எத்தனை மீட்டர் கண்ணுக்குத் தெரிந்தால் எந்த விமானம் கிளம்பலாம் என்பதற்கெல்லாம் ஒழுங்கு உண்டு. எனக்கு அது மேலோட்டமாகத் தெரியும். தெரிந்ததால் என்ன பயன் என்றால், நம்பிக்கை வைக்க வேண்டிய நேரத்தில் அதை வைக்க முடியாமல் போயிற்று. வரிசையில் பதினேழாவதாக இருக்கிறோம் என்று விமானி அறிவித்தார். ஜன்னலுக்கு வெளியே இறக்கையின் நுனி தெரியவில்லை.

ஏழரைக்கு அக்கா மகன் பேசினான். "மாமா, கிளம்பியாச்சா?"

"இன்னும் இல்லல. பனிமூட்டம்."

எட்டரைக்கு மறுபடியும். "மாமா?"

"பதினொண்ணாவதா நிக்கோம்."

அவனுக்கு அது என்ன புரிந்திருக்கும். திருநெல்வேலியில் அப்போது நல்ல வெயில். ஊரே பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருக்க, மாமா டெல்லியில் பதினொன்றாவதாக நிற்கிறார்.

இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். விமானத்தின் அடியில் ஏற்றிய சாமான் எதுவும் இல்லை, கைப்பை மட்டும்தான், என்னை இறக்கிவிடுங்கள், வேறு விமானம் பார்க்கிறேன் என்றேன். பணிப்பெண் பொறுமையாகக் கேட்டாள். ஒருவர் இறங்கினால் எல்லோர் கைப்பையையும் மறுபடி சோதிக்க வேண்டும், வரிசையில் இடம் போய்விடும், நூற்று எண்பது பேர் இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றாள். சரியாகத்தான் சொன்னாள். உட்கார்ந்துகொண்டேன். மடியில் வைத்திருந்த கைப்பையை இருக்கைக்கு அடியில் வைக்கச் சொன்னாள். அக்காவின் கோடியைக் காலடியில் வைத்தேன்.

ஒன்பது ஐம்பதுக்குக் கிளம்பியது. சென்னையில் பன்னிரண்டே முக்கால். சென்னையில் பனிமூட்டம் கிடையாது. ஆகவே தூத்துக்குடி விமானம் பத்து நாற்பதுக்குச் சரியாகப் போயிருந்தது. நேரம் தவறாத ஒன்றை அதற்கு முன் நான் வெறுத்ததில்லை.

உதவி மேசையில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு.

"சார், உங்களுக்கு ஆல்ரெடி மாத்திப் போட்டாச்சு சார். நாளைக்குக் காலையில ஆறு அஞ்சு. ஹோட்டலும் குடுத்திருக்கோம் சார்."

"இன்னைக்கு வேணும்மா. மூணு மணிக்கு எடுக்கறாங்க."

"எதை சார்?"

சொன்னேன். அவள் முகம் மாறியது. கணினியைத் தட்டினாள். "ஒண்ணரைக்கு ஒண்ணு இருக்கு, ஃபுல் சார். அடுத்து சீட் இருக்கற ஃப்ளைட்ல போடறதுதான் சார் ரூல்."

"ரூல் எனக்குத் தெரியும்."

"ஓகே சார்" என்றாள், ஒரு சுமை குறைந்தவளைப் போல.

விதி ஓர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப்பட்டிருந்தது. என்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நாளைக்குச் சேர்ப்பார்கள். இன்றைக்குச் சேர்ப்போம் என்று எந்தக் காகிதத்திலும் யாரும் சொல்லவில்லை. இதைப் படிக்கத் தெரியாதவனா நான்? எத்தனை பேருடைய விண்ணப்பங்களை இதே மாதிரி ஒரு வரியைக் காட்டித் திருப்பியிருக்கிறேன்.

அங்கே நின்றபடியே போனில் திருவனந்தபுரம் விமானத்தைத் தேடிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதுவும் பனிமூட்டத்தில் மாட்டி, ஒன்பது மணிக்குக் கிளம்பி, பன்னிரண்டு இருபதுக்கு இறங்கியிருந்தது. அதில் போயிருந்தால் நான்கு மணிக்கு அக்கா வீட்டு வாசலில் இருந்திருப்பேன். ஒரு மணி நேரம் தாமதத்தை ஊர் பொறுத்திருக்கும்.

உதவி மேசைக்குத் திரும்பிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "அவ காத்துக்கிட்டு இருக்காம்மா" என்றேன். அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சார், வேற கம்பெனி ஒண்ணு ரெண்டரைக்கு மதுரை போகுது. அங்க கேளுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஓடுங்க சார்."

ஓடினேன். கடைசி வரிசையில் ஓர் இடம் இருந்தது. மறுபடியும் சோதனை வரிசை. புடவைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்கள், மடித்து வைத்தார்கள். அந்த வரிசையில் நிற்கும்போது அக்கா மகன் கூப்பிட்டான்.

"மாமா, எங்க இருக்கிய?"

"சென்னை. மதுரை வந்து காருல வாரேன். ஆறரை ஆயிரும்."

அவன் பக்கத்தில் யாரிடமோ பேசினான். நிறையக் குரல்கள் கேட்டன. திரும்பி வந்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

"மாமா, தகன மேடையில ஆறு மணிக்கு மேல எடுக்க மாட்டாவளாம். இங்கேர்ந்து போக அரை மணி நேரம் ஆகும். அஞ்சு இருவதுக்காவது தூக்கணும்."

"பேசிப் பாருல. ஒரு மணி நேரம்தான."

"பேசியாச்சு மாமா. மூணுன்னு சொன்னத ஆறாக்குனதே பெரும்பாடு." கொஞ்சம் தயங்கினான். "உங்க சுத்தமல்லி சித்தப்பா மவன் வந்திருக்காவ. உங்க பங்காளிதான். வேணும்னா டவுன்ல ஒரு சேல எடுத்து, உங்களுக்குப் பதிலா அவங்க போடலாம்னு பெரியவங்க சொல்லுதாவ."

"கூடாது" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் உயிரோட இருக்கும்போது அவளுக்கு வேற யாரும் கோடி போடக் கூடாது. நான் வரணும். சொல்லிரு."

"சொல்லுதேன் மாமா" என்றான்.

மதுரையில் நான்கு ஐந்துக்கு இறங்கினேன். வெளியே வாடகைக் கார் ஓட்டுநரிடம், அவருக்கு முப்பது வயது இருக்கும், விஷயத்தைச் சொன்னேன். "ஏறுங்க சார், விரசாப் போயிருவோம்" என்று கதவைத் திறந்தார். நான்கு இருபத்தைந்து. விருதுநகர் வரை நான் கடிகாரத்தையும் கிலோமீட்டர் கல்லையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டையும் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு நூறு என்றால் ஆறே கால். நூற்றிருபது என்றால் ஆறு. நூற்றிருபதில் போங்கள் என்றேன். "சார், அதுக்கு மேல போனா நாம ரெண்டு பேரும் வேற எங்கயாச்சும் போயிருவோம்" என்றார். பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, "மன்னிச்சுக்கங்க சார்" என்றார். இந்தச் சாலை காஷ்மீரிலிருந்து டெல்லி வழியாகக் கன்னியாகுமரி போகிறது. ஒரே சாலை, ஒரே எண். சுற்று இல்லை, மாற்றம் இல்லை. நேற்று மாலை கடையிலிருந்தே காரில் கிளம்பியிருந்தால் இப்போது எங்கே இருப்பேன் என்று அதையும் கணக்குப் போட்டேன். நாகபுரி தாண்டியிருப்பேன். மனம் இப்படி எதையாவது பிடித்துக்கொண்டு தொங்கும்.

ஐந்து மணிக்கு மகள் பேசினாள். எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். திருவனந்தபுரம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபித்துக்கொள்ள எனக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

சாத்தூரை நெருங்கும்போது மணி ஐந்து பதினேழு. அக்கா மகனின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது அவன் இல்லை. அத்தான். அக்காவின் கணவர், எழுபத்தொன்பது வயது.

"மாப்ள."

"அத்தான்."

"எங்க வந்திருக்க?"

"சாத்தூர் அத்தான். இன்னும் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம்."

"ம்." மூச்சு வாங்கினார். "காலையிலேர்ந்து எல்லாரும் பச்சத்தண்ணி குடிக்காம உக்காந்திருக்காவ. பிள்ளேளு மயங்குது. நீ வரணும்னுதான் நானும் பிடிச்சு வச்சேன்."

"அத்தான், இந்தா வந்துட்டேன்..."

"நீ வந்துட்டுத்தான்யா இருக்க. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்." பின்னால் சங்கு ஊதும் சத்தம் கேட்டது, நின்றது. "நீ சொல்லாமத் தூக்கக் கூடாதுன்னு நிக்காம்லா உன் மருமவன். போன ஸ்பீக்கர்ல போட்டிருக்கான். நீ சொல்லு மாப்ள. அவ போட்டும்."

நேற்று மாலை ஐந்தரைக்கு நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நூறு பேர் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா கண்ணாடிப் பெட்டியில் குளிர்ந்து கிடக்கிறாள். நான் விட்டால்தான் அவள் போக முடியும். கையெழுத்துக்காக மேசையில் காத்திருந்த கோப்புகளை எத்தனையோ நாள் அப்படியே விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன். அவற்றுக்குப் பின்னால் யார் காத்திருந்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"சித்தப்பா மவன் இருக்கானா அங்க?" என்றேன்.

"இருக்கேன்ணே" என்று ஒரு குரல். பார்த்துப் பல வருடம் ஆன பங்காளி. முகம் கூடச் சரியாக நினைவில்லை.

"சேல எடுத்தியா?"

"எடுத்து வச்சிருக்கேன்ணே. நீங்க சொல்லாமத் தொடல."

"போடு" என்றேன். "கால் மூடற மாதிரிப் போடு. அவளுக்குக் கால்ல குளிர் தாங்காது."

"தூக்குங்க அத்தான்" என்று சொன்னேனா, சொன்னதாக நினைத்துக்கொண்டேனா தெரியாது. போனில் பெண்களின் அழுகை ஒரே வீச்சாக எழுந்தது. யாரோ துண்டித்துவிட்டார்கள்.

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

"ஏன் மெதுவாப் போறீங்க?"

"இல்ல சார்... இனி..."

"அதே வேகத்துல போங்க."

போனார். கோவில்பட்டி, கயத்தாறு. வலது பக்கம் வெயில் பொன்னிறமாக மாறி, பிறகு சாம்பலாயிற்று. பச்சைப் பலகைகளில் திருநெல்வேலி நாற்பத்தெட்டு, முப்பத்தொன்று என்று குறைந்துகொண்டே வந்தது. தூரம் குறைவதில் எந்தத் தவறும் இல்லை. நாங்கள் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம்.

கங்கைகொண்டான் தாண்டியதும் ஓட்டுநர் கேட்டார்.

"சார், வீட்டுக்கா, சுடுகாட்டுக்கா? ரோடு பிரியுது. இப்பவே சொல்லிட்டீங்கன்னா நல்லது."

மணி ஆறு பத்து. அக்கா மகனுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் செய்தேன். அவன் எடுக்கவில்லை. கொள்ளி வைக்க ஈர வேட்டியோடு நிற்பவன் கையில் அந்த நேரத்தில் போன் இருக்காது.